தினமும் இங்க் பேனாவில் எழுதுவது: சுகம் எது, தொல்லை எது

கேள்வி இது: "ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஏதாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தோடு இங்க் பேனாவை விட்டுவிட்டேன். மறுபடி தினமும் அதில் எழுத ஆசை. கசியும், காயும், கையெல்லாம் கறையாகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நிஜமாகவே அன்றாடத்துக்கு ஒத்துவருமா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?"

ஒத்துவரும். தினமும் எழுதுகிறவர்களுக்குத்தான் இங்க் பேனா நன்றாக ஒத்துவரும். எழுதவில்லை, காய்ந்துவிட்டது, கட்டிக்கொண்டது என்று என் காதுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை, மையை நிரப்பி மேசை டிராயரில் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தவர்கள் சொன்னவை. அன்றாடம் இரண்டு பக்கமாவது ஓடுகிற பேனா அவ்வளவு சீக்கிரம் மக்கர் பண்ணாது.

நான் திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. 22 வருடமாகப் பாடக்குறிப்பு எழுதுவது நீல மையில், கட்டுரை நோட்டு திருத்துவது சிவப்பு மையில், இரண்டும் இங்க் பேனாவில்தான். பேனா சேகரிக்கிறவர்களுக்குத் தெரிந்த நுணுக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பேனா பிடித்தால் என்ன ஆகும் என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதல் சுகம் கைக்கு. பால் பேனாவுக்குள் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டிப் பசை. முனையில் உள்ள குண்டு உருண்டால்தான் அது தாளுக்கு வரும். குண்டு உருள வேண்டுமென்றால் கொஞ்சமாவது அழுத்த வேண்டும். பால் பேனாவில் ஒரு பக்கம் எழுதி, தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள், மேடு மேடாகத் தட்டுப்படும். அவ்வளவும் உங்கள் விரல் செலவழித்த பலம். இங்க் பேனாவின் மை தண்ணீர் மாதிரி. நிப்பின் நடுவே தலைமுடி கனத்துக்கு ஒரு பிளவு ஓடுகிறது. அதன் வழியே மை தானாக இறங்கி நுனியில் காத்திருக்கும், தாள் தொட்டதும் தாளே அதை இழுத்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது எதனாலோ அதே நுண்புழை விசைதான் இங்கேயும். அழுத்தவே வேண்டாம், பேனாவின் எடை போதும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 45 கட்டுரை நோட்டுகளை ஒரே மாலையில் திருத்திப் பார்த்தால் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கட்டைவிரல் அடியில் வலி வந்து, காலையில் தோசைக் கரண்டி பிடிக்க முடியாமல் போனது. நடுவிரலின் முதல் கணு ஓரம் காய்த்துப்போய் இருந்தது. அப்பாவின் பழைய பேனாவுக்கு மாறி ஒரு மாதத்தில் வலி நின்றது, காய்ப்பு மெல்ல மறைந்தது. வைத்தியம் என்று இதைச் சொல்லவில்லை. நாள் முழுக்க எழுதுகிறவர்கள் அழுத்தாமல் எழுதினால் கைக்கு எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறேன்.

ஆனால் ஆரம்பத்தில் பால் பேனா பழக்கத்தில் அழுத்துவீர்கள். எல்லோரும் அழுத்துவார்கள். அழுத்தினால் பிளவு விரிந்து மை கொட்டும், அல்லது நிப்பு தாளைக் கீறும். உள்ளங்கையைத் தளர்த்தி, பேனாவைக் கொஞ்சம் சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அதைச் சாயவிடுங்கள். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

அடுத்த சுகம் கண்ணுக்கு. இதை ஒரு தமிழ் ஆசிரியையாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில் 'ழ' எழுதிப் பாருங்கள். கீழே இறங்கி, வளைந்து, சுழித்து முடிக்கும்போது கடைசிச் சுழி மட்டும் ஈரமாக மின்னும். அடுத்த எழுத்தை முடிப்பதற்குள் அந்த மினுக்கு மறைந்து நிறம் படிந்துவிடும். காய்ந்த பிறகு பார்த்தால் கோடு தொடங்கிய இடம் வெளிறியும், பேனா நின்ற இடம் அடர்ந்தும் இருக்கும். ஒரே நீலத்தில் இரண்டு மூன்று நீலம். கை எங்கே வேகமாகப் போனது, எங்கே தயங்கியது என்பது எழுத்திலேயே பதிந்திருக்கும். மாணவர்கள் நோட்டில் நான் எழுதிய குறிப்பைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும், எந்த இடத்தில் யோசித்து எழுதினேன் என்று என்னால் சொல்ல முடியும்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும், வீட்டுக் கணக்கில் கடைசிவரை 'லை', 'னை' எல்லாம் பழைய முறையில், மேலே துதிக்கை போட்டுத்தான் எழுதினார். அந்தத் துதிக்கை மேலே ஏறும்போது மெல்லியதாகவும் இறங்கும்போது தடித்தும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் பால் பேனாவில் வராது.

நிப்பு வாங்கும்போது தமிழ் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் எழுத்தில் சுழி அதிகம். 'ண', 'ஞ', 'ணி', 'ஜூ' எல்லாம் தடித்த நிப்பில் எழுதினால் சுழிக்குள் மை நிரம்பி, புள்ளி மாதிரி அடைத்துக்கொள்ளும். 'ன'வும் 'ண'வும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மீடியம் நிப்பு வாங்கு என்பார்கள். தமிழுக்கு ஃபைன், அதாவது மெல்லிய நிப்புதான் நல்லது. அதிலும் ஜப்பான் நிறுவனங்களின் ஃபைன், ஐரோப்பிய நிறுவனங்களின் ஃபைனைவிட ஒரு படி மெல்லியதாக இருக்கும். அவர்களுக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடு போட வேண்டிய எழுத்து இருக்கிறது. பைலட், பிளாட்டினம், செய்லர் மூன்றும் 1911க்கும் 1919க்கும் இடையில் தொடங்கிய ஜப்பான் நிறுவனங்கள். மூன்றின் ஃபைன் நிப்பும் தமிழ்ச் சுழிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

இடையில் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிப்பு பழகப் பழக எழுதுகிறவர் கைக்குத் தகுந்த மாதிரி வளையும், அதனால் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள். நிப்பு வளைவதில்லை. நுனியில் பற்றவைத்திருக்கும் சின்னக் குமிழ் மிகக் கடினமான உலோகக் கலவை, அது தேய வருடக்கணக்கில் ஆகும். பழகுவது பெரும்பாலும் நம் கைதான். எந்தக் கோணத்தில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று விரல் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனாலும் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, தொல்லைக்கு வருவோம்.

முதல் தொல்லை காய்வது. மையில் பெரும்பகுதி தண்ணீர். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு யாரிடமாவது ஐந்து நிமிடம் பேசினால், மே மாத வெயிலில், மேலே மின்விசிறி ஓடினால், நுனியில் மை வற்றிவிடும். முதல் எழுத்து பாதிதான் விழும். எழுதாத நேரத்தில் மூடி போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். மீதிப் பாதி மூடியைப் பொறுத்தது. மலிவுப் பேனாக்களில் மூடி இறுக்கமாக இராது, கிளிப் பக்கம் ஓட்டை இருக்கும், அந்த வழியாகவே நாள்தோறும் தண்ணீர் ஆவியாகும். மை கெட்டிப்பட்டு நிறம் அடர்ந்துகொண்டே வரும். வாங்கும்போது மூடியைக் கழற்றி, உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று வெளியே போகிறது என்றால் அந்தப் பேனா காயும். பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி விலை குறைவுதான், ஆனால் அதன் மூடிக்குள் சுருள்வில் வைத்த உள்மூடி ஒன்று நிப்பை இறுக்கி மூடும். முழுப் பரீட்சை விடுமுறைக்கும் சும்மா கிடந்து, ஜூன் மாதம் திறந்த உடனே எழுதிய பேனா என்னிடம் அது ஒன்றுதான்.

காய்ந்த பேனாவை உதறாதீர்கள். நிப்பை ஒரு மூடித் தண்ணீரில் தொட்டு எடுத்து, பழைய வேட்டித் துணியில் ஒற்றினால் போதும், மை வந்துவிடும். பள்ளியில் நாங்கள் உதறிய உதறலில் முன்பெஞ்சுக்காரிகளின் வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் நீலப் புள்ளியாக இருக்கும். அந்தக் கறைக்காக வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது, கசிவு. இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். பேனாவிலிருந்து மை வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். நிப்புக்கு அடியில் இருக்கும் கருப்புக் கட்டையை நாங்கள் நாக்கு என்போம். ஒரு பக்கம் மை இறங்கவும், இன்னொரு பக்கம் காற்று ஏறவும் அதில் வழி வெட்டியிருக்கும். குறுக்கே மெல்லிய பள்ளங்களும் இருக்கும். கொஞ்சம் கூடுதலாக மை வந்தால் அந்தப் பள்ளங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே வந்தால்தான் சொட்டும்.

அதிகம் வருவது எப்போது? உள்ளே இருக்கும் காற்று விரியும்போது. ஒருமுறை மாணவிகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனோம். பையில் பாதி மை இருந்த பேனா, படுக்கை வாட்டில். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, வெள்ளி நீர்வீழ்ச்சியில் வண்டியை நிறுத்தி, பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கப் பேனாவை எடுத்தேன். மூடியைத் திருகினதும் உள்ளிருந்து ஒரு கரண்டி மை உள்ளங்கையில் கொட்டியது. பட்டியலில் பாதிப் பெயர்கள் போயின. கைக்குட்டை, பை, டிக்கெட், எல்லாம் நீலம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே அடைபட்ட காற்று மேலே போனதும் விரிந்து, எதிரே இருந்த மையைத் தள்ளிவிட்டது. பேனாவில் பழுதே இல்லை. விமானத்திலும் இதே கதைதான். பயணம் போகும்போது ஒன்று முழுக்க நிரப்புங்கள், காற்றுக்கு இடம் இராது. இல்லையென்றால் முழுக்கக் காலி பண்ணுங்கள். எப்படியானாலும் நிப்பு மேலே பார்க்க நிற்க வைத்துக் கொண்டுபோங்கள். நிப்பு மேலே இருந்தால் விரிகிற காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியேறிவிடும். அதற்குப் பிறகு நான்கு முறை மலை ஏறியிருக்கிறேன், ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

ஊரில் இருக்கும்போதும் இது சின்ன அளவில் நடக்கும். பேனாவின் உடலுக்குள்ளேயே நேரடியாக மை ஊற்றுகிற டிராப்பர் வகைப் பேனாக்கள் நமக்குப் பழக்கமானவை. அவை இரண்டு மூன்று மில்லி மை பிடிக்கும், ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. ஆனால் மை கால்வாசிக்குக் கீழே இறங்கினதும் உள்ளே காற்று அதிகம், கைச்சூட்டில் அது விரியும், எழுதிக்கொண்டிருக்கும்போதே தாளில் ஒரு பெரிய சொட்டு விழும். ஆகவே டிராப்பர் பேனாவில் மூன்றில் ஒரு பங்கு மை மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். கன்வெர்ட்டர் (புட்டியிலிருந்து மையை உறிஞ்சும் சின்னக் குழாய்) அல்லது கார்ட்ரிட்ஜ் (மை அடைத்தே வரும் குப்பி) வகையில் மை ஒரு மில்லி அளவுதான் இருக்கும். காற்றும் குறைவு, சூடும் அவ்வளவாக ஏறாது, இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. அலுவலகத்துக்கு நான் கன்வெர்ட்டர் பேனாவையே சொல்வேன்.

பழைய டிராப்பர் பேனாக்களோடுதான் 'ரெண்டு சொட்டு இங்க் குடு' என்கிற கடனும் இருந்தது. கொடுப்பவள் பேனாவைக் கழற்றி, பெஞ்சு மேலே எண்ணி இரண்டு சொட்டு விடுவாள். வாங்குபவள் நிப்பால் தொட்டுத் தொட்டு உறிஞ்சிக்கொள்வாள். மிச்சம் இருந்தால் சாக்பீஸை வைத்து ஒற்றுவோம், சாக்பீஸ் நீலமாக மாறி மேலே ஏறுவதை எல்லோரும் குனிந்து பார்ப்போம். நுண்புழை விசையை எந்த அறிவியல் பாடமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

மூன்றாவது தொல்லைதான் பெரியது, அன்றாடத்தில் விடாமல் கூடவே வருவது. தாள். நீங்கள் எவ்வளவு நல்ல பேனா வாங்கினாலும் அலுவலகம் கொடுக்கிற தாளில்தான் எழுத வேண்டும். மட்டமான தாளில் கோட்டின் இரு ஓரமும் பிசிறு பிசிறாக ஊறும், பின்பக்கம் தெரியும், சில நேரம் அடுத்த தாளுக்கே இறங்கும். கனமான தாள் என்றால் ஊறாது என்று கடைக்காரர்கள் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்) கணக்குச் சொல்வார்கள். கனத்துக்கும் ஊறுவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. தாள் செய்யும்போது, தண்ணீர் சட்டென்று இழைக்குள் ஓடாமல் இருக்க ஒரு பூச்சுப் பக்குவம் செய்வார்கள், அது சரியாக இருந்தால் மெல்லிய தாளும் தாங்கும். டோமோயே ரிவர் என்கிற ஜப்பான் தாள் 52 ஜி.எஸ்.எம்.தான், பின்பக்கம் நிழல் தெரியும், ஆனால் மை ஊறாது. கெட்டியான அட்டை மாதிரித் தாளில் எழுதி, மை பூப்போல விரிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டி.என்.பி.எல்.) கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. டி.என்.பி.எல். ஜெராக்ஸ் தாளில் என் ஃபைன் நிப்பு நன்றாகவே ஓடுகிறது. விலை கொடுத்து வெளிநாட்டு நோட்டு வாங்க வேண்டியதில்லை. எங்கே போனாலும் கடையில் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். ஒரு 'ண' போட்டுப் பத்து எண்ணிவிட்டுத் திருப்பிப் பாருங்கள்.

தாளில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம். ஐப்பசி அடைமழையில் தாள் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், சித்திரையில் சுத்தமாக எழுதிய அதே நோட்டில் அப்போது பிசிறடிக்கும். இன்னொன்று எண்ணெய். மாணவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நோட்டை அழுத்திப் பிடித்திருப்பார்கள், மதியம் வடை சாப்பிட்ட விரலோடு பக்கம் புரட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் என் சிவப்பு மை ஒட்டவே ஒட்டாது, கோடு நடுவில் அறுந்துபோகும். நிப்பில்தான் கோளாறு என்று நான் நெடுநாள் நிப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். நம் உள்ளங்கை வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும்கூட அப்படித்தான். எழுதும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து, கீழே இறங்க இறங்க அதையும் நகர்த்திக்கொண்டே போங்கள். ஈரமான எழுத்தைக் கை தேய்க்காமல் இருக்கவும் அதுவே உதவும். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு எழுதினதன் மேலேயே கை போகும், அவர்கள் மெல்லிய நிப்பும் சீக்கிரம் காயும் மையும் பார்த்து எடுக்க வேண்டும்.

மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கணக்கு எழுதுகிறீர்கள். கேமல், பிரில் போன்ற நம் ஊர் மைகளில் ராயல் புளூ மிகச் சாதுவானது. கட்டிக்கொள்ளாது, துணியில் பட்டாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். தண்ணீருக்குக் கரைவதுதான் அதன் நற்குணம், அதுதான் அதன் குறையும். ஒரு வருடம் தேர்ச்சிப் பட்டியலை ராயல் புளூவில் எழுதி மேசையில் வைத்திருந்தேன். டீ தம்ளர் சாய்ந்தது. துடைத்து எடுப்பதற்குள் 60 பேரின் மதிப்பெண்ணும் ஒரே நீலக் குளமாகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து விடைத்தாள்களைப் பார்த்து மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து நிலைத்து நிற்க வேண்டிய எதையும் கரைகிற மையில் எழுதுவதில்லை. காசோலைக்கும் அது கூடவே கூடாது.

நிலைத்து நிற்பதற்கு இரண்டு வழி. ஒன்று, கரையாத நிறத்துகள் கலந்த மை. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் அசையாது, ஆனால் பேனாவுக்குள் காய்ந்தாலும் அசையாது. தினமும் எழுதி, மாதம் ஒருமுறை கழுவுகிறவர்களுக்கு மட்டும் அது. இன்னொன்று பழைய முறை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே சரக்குகள்தான். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேரும்போது முதலில் நிறம் அதிகம் இராது, அதனால் கொஞ்சம் நீலச் சாயம் கலந்து கொடுப்பார்கள். எழுதும்போது நீலம். தாளில் காற்றுப் படப் பட இரும்பு மாறி, சில நாளில் கருப்பாகும். நேற்று எழுதிய வரி இன்றைய வரியைவிடக் கருப்பாக இருக்கும், ஒரே பக்கத்தில் அது தெரியும். பிரிட்டனில் திருமணப் பதிவேடுகளை இந்த வகை மையில்தான் எழுதி வந்தார்கள். பெலிக்கன் 4001 புளூ பிளாக்கும், பிளாட்டினம் புளூ பிளாக்கும் இந்தக் குடும்பம். கொஞ்சம் அமிலத் தன்மை உண்டு, ஆகவே மாதக்கணக்கில் பேனாவிலேயே விட்டுவிடக் கூடாது. இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. நான் பார்த்தவரை மட்டமான தாளில் மற்ற மைகளைவிட இது குறைவாக ஊறுகிறது. அலுவலகத் தாளுக்கு என் சிபாரிசு இதுதான்.

ஓவியக் கடையில் விற்கிற இந்தியன் இங்கை மட்டும் தப்பித் தவறிக்கூட ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், உள்ளே இறுகிவிட்டால் பேனா போனது போனதுதான்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. மாதம் ஒருமுறை, அல்லது மை மாற்றும்போது, சாதாரணத் தண்ணீரை இழுத்து இழுத்துத் துப்ப வைத்தால் போதும். சுடுதண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். ஆனால் எங்கள் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் கழுத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், நாக்கின் பள்ளத்தில் படிந்து மை வழியையே அடைத்துவிடும். கடைசி இரண்டு கழுவலுக்குக் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நிப்பைக் கீழே பார்க்க ஒரு தம்ளரில், அடியில் துணி போட்டு, ராத்திரி முழுக்க நிற்க வையுங்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்த வேலை பிடிக்கும். முதலில் அடர்நீலம், அப்புறம் வானநீலம், அப்புறம் நீலமா இல்லையா என்று தெரியாத ஒரு நிறம், பிறகு வெறும் தண்ணீர்.

இரவல் கொடுக்கக் கூடாது என்றேன் அல்லவா. காரணம் இதுதான்: வாங்குகிறவர் பால் பேனா என்று நினைத்து அழுத்துவார். ஒரு வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்றவர் கேட்டார் என்று கொடுத்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர், கார்பன் அடியில் விழவில்லையே என்று இன்னும் பலமாக அழுத்தினார். நிப்பின் இரண்டு பக்கமும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே ஏறிக்கொண்டது. அவர் மேல் தப்பே இல்லை, அவருக்குத் தெரியாது. அதனால் பையில் ஒரு பால் பேனா எப்போதும் இருக்கட்டும். கேட்பவர்களுக்கும் அது, கார்பன் வைத்து எழுதும் செலானுக்கும் அது, வழவழப்பான கூரியர் ரசீதுக்கும் அது. கருப்புப் பால் பேனாதான் வேண்டும் என்று கேட்கிற ஓ.எம்.ஆர். தாளுக்கும் அதுதான்.

எதை வாங்குவது? முதல் பேனாவுக்கு பைலட் மெட்ரோபாலிட்டன் அல்லது பிளாட்டினம் பிரெப்பி, ஃபைன் நிப்பில். கடையில் வெறுமனே 'பைலட் பேனா' என்று கேட்டால் வி5 எடுத்துக் கொடுப்பார்கள், அது இங்க் பேனா இல்லை. லாமி சஃபாரி 1980இலிருந்து வருகிற உறுதியான பேனா. பிடிக்கும் இடம் முக்கோணமாக இருக்கும், விரலை எங்கே வைப்பது என்று அதுவே சொல்லிக் கொடுக்கும். ஆனால் தமிழுக்கு அதன் எக்ஸ்ட்ரா ஃபைனைக் கேட்டு வாங்குங்கள். ஷாங்காயின் ஹீரோ பேனாக்கள் நம் தலைமுறையின் செல்லம். 1940களின் பார்க்கர் 51ஐப் பார்த்துச் செய்த, நிப்பை மூடின வடிவம். வெயிலில் காயாது, சீராக எழுதும். இப்போது போலிகள் நிறைய வருவதால் தெரிந்த கடையில் எழுதிப் பார்த்து வாங்கினால் மட்டும் சரி.

ஒரு வருடம் எழுதி, இது நமக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு கையால் கடைந்த பேனா ஒன்று வாங்குங்கள். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் கட்டையைக் கடைசல் பிடித்துச் செய்கிறார்கள். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூட்டில் இறுக்கியது. பிளாஸ்டிக் மாதிரி கையில் சில்லென்று இராது, வழுக்காது, வேர்த்த விரலுக்கு அவ்வளவு இதம். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாசம் வரும். ஆந்திராவில் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930களில் சுதேசிப் பேனாவாகத் தொடங்கியது. அவர்கள் அனுப்பிய பேனாவுக்கு 1935இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். இந்த ஊர்ப் பேனாக்களில் பல டிராப்பர் வகை, நான் மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்குக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தும். வெயிலில் வைக்காதீர்கள், கருப்பு எபோனைட் வெளிறிப் பழுப்பாகிவிடும். தங்க நிப்பு இப்போதைக்கு வேண்டாம். தங்கம் அமில மைக்கு அரிக்காது என்பது நிஜமான நன்மை, ஆனால் நன்றாகச் சீவிய எஃகு நிப்பு எழுதுவதில் எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு புட்டி 60 மில்லி மை, ஒரு தடவைக்கு ஒரு மில்லி என்றால் 60 முறை நிரப்பலாம். எனக்கு வாரத்துக்கு இரண்டு தடவை, ஆக ஒரு புட்டி அரை வருடத்துக்கு மேல் வரும். முன்பு அதே காலத்தில் ஒரு டப்பா நிறைய ரீஃபில் தூக்கிப் போடுவேன்.

ஒரே ஒரு பேனா, ஒரே மை, அந்த அலுவலகத் தாள். மூன்று மாதத்துக்கு இவற்றை மாற்றாதீர்கள். ஏதாவது கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க அப்போதுதான் முடியும். ஐந்து பேனா, எட்டு மை என்று ஆரம்பித்தால் நாலு எப்போதும் காய்ந்தே கிடக்கும். முதல் நாள் வாங்கி வந்ததும் மை போடுவதற்கு முன் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கரைத்து ஒருமுறை அலசிவிடுங்கள், தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே ஒட்டியிருக்கும். நன்றாக அலசி, நிரப்பி, நிப்பைத் துணியில் ஒற்றிவிட்டு, உங்கள் பெயரில் 'ண'வோ 'ழ'வோ இருந்தால் அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.